சர்க்கரை ரத்தப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேபில் பழக வரும் பிள்ளைகள், நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை இன்றும் செய்கிறார்கள். டியூபில் பெயர் மாற்றி ஒட்டுவது போன்றவற்றை முதல் வாரமே யாராவது கண்டித்துத் திருத்திவிடுவார்கள். கண்டிக்க ஆளில்லாமல் தப்பிப்போகும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஹீமோகுளோபினைப் பார்க்காமல் ஹெச்பிஏ1சி-யை நம்புவது

டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவர். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.8 சதவீதம் என்று வந்ததும், சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக நினைத்து இன்சுலினைக் குறைத்துவிட்டார்கள். அவர் மகள் வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்து நோட்டில் எழுதிய அளவுகளோ 200-க்குக் கீழே இறங்கவே இல்லை. "மெஷின் சரியில்லம்மா, வேற வாங்குங்க" என்று கவுன்ட்டரில் சொல்லி அனுப்பினார்கள். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. பெரியவருக்கு ரத்தசோகை, ஹீமோகுளோபின் 8தான்; புதுச் சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் போட்டுக்கொண்டிருந்தார். அதை யாரும் கேட்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அதற்குள் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் ஹெச்பிஏ1சி. அணுக்கள் சீக்கிரம் அழிந்தாலும், ஊசியால் புது அணுக்கள் நிறைய வந்தாலும், சர்க்கரை ஒட்ட நாள் போதாது. எண் பொய்யாகக் குறையும். அண்மையில் ரத்தம் ஏற்றியவர்களிடமும் எண்ணை நம்ப முடியாது. இரும்புச்சத்துக் குறைவில் இது தலைகீழ்: எண் பொய்யாக ஏறும். 6.5 தொட்டால் சர்க்கரை நோய் என்கிறோம். ரத்தசோகை உள்ள இளம்பெண்ணுக்கு 6.6 வந்தால், வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்காமல் முத்திரை குத்தாதீர்கள்.

சரிபார்க்க ஒரு கணக்கு உண்டு. ஹெச்பிஏ1சி-யை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் சராசரிச் சர்க்கரை கிடைக்கும். 5.8-க்கு அது 120. நோட்டில் எல்லாமே 200-க்கு மேல் என்றால் அப்போதே சந்தேகம் வர வேண்டாமா? ரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஃப்ரக்டோசமைன் பார்க்கலாம், கடைசி 2-3 வாரத்தைக் காட்டும். ஆனால் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்தவர்களிடம் அதுவும் ஏமாற்றும். அந்தப் பெரியவரைப் போன்றவர்களுக்கு மகளின் நோட்டைத்தான் நான் நம்புவேன்.

ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பது

முகாமில் காலையில் எடுத்த ரத்தம் மதியம்தான் லேபுக்கு வருகிறது. அதுவரை அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் போய்விடும். வெறும் வயிற்றில் 130 இருந்தவர் நோய்க்கான எல்லையான 126-க்குக் கீழே வந்து, நோய் இல்லை என்று வீட்டுக்குப் போய்விடுவார். சாம்பல் மூடி டியூபில் அதைத் தடுக்கும் ஃப்ளோரைடு இருக்கிறதே என்பார்கள். அது வேலை செய்யத் தொடங்கவே நேரமாகும். முதல் ஓரிரு மணி நேரம் சர்க்கரை குறைந்துகொண்டுதான் இருக்கும். ஐஸில் வையுங்கள், அரை மணிக்குள் அணுக்களிலிருந்து பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை) பிரியுங்கள்.

சாப்பிட்ட பின் 2 மணி நேரம்

முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ணுங்கள்.

"கிரியேட்டினின் நார்மல்தான்"

சர்க்கரை நோயுள்ள 75 வயதுப் பாட்டிக்கு, கிட்னியைப் பார்க்கும் கிரியேட்டினின் 1.1 என்றால் ரிப்போர்ட்டில் நார்மல் என்றே அச்சாகும். ஈஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) போட்டால் சுமார் 52, கிட்னி தளர்ந்துகொண்டிருக்கிறது. சிறுநீரில் ஆல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள்.

சி-பெப்டைடு

உடல் தானே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் பரிசோதனை. அதே நேரத்துச் சர்க்கரை அளவு இல்லாமல் அனுப்பாதீர்கள். கிட்னி பழுதானவர்களுக்கு இது ஏறித்தான் வரும்.