வீட்டுக் கொம்பியூட்டரில் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு மெயில்

அம்மாவின் மெயிலைத் திறக்க ஒன்பது நாள் மினக்கெட்டேன். கடைசியில் அது திறக்கவே இல்லை, புதிதாக ஒன்று தொடங்கிக் கொடுத்தேன். அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன், இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

தங்கச்சி உயர்தரம் படிக்கிறாள் என்று கிளிநொச்சி டவுனில் ஒரு பழைய டெஸ்க்டொப் வாங்கி வட்டக்கச்சிக்குக் கொண்டுவந்தோம். வந்த கிழமையே நாலு பேரும் ஒரே கணக்கில் புகுந்து விளையாடினோம். அப்பா தன்னுடைய மெயில் என்று நினைத்து, தங்கச்சியின் மெயிலிலிருந்து கமநல சேவை நிலையத்துக்குக் கடிதம் அனுப்பினார். அன்றைக்கே பிரிக்க முடிவெடுத்தேன்.

படி 1: விண்டோஸில் கணக்குப் பிரித்தல்

செட்டிங்ஸ் → அக்கவுண்ட்ஸ் → அதர் யூசர்ஸ் → அட் அக்கவுண்ட். விண்டோஸ் 10 என்றால் 'ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்' என்று இருக்கும். உடனே மைக்ரோசொஃப்ட் மெயில் முகவரி கேட்கும். கொடுக்க வேண்டாம். 'இவருடைய உள்நுழைவு விவரம் என்னிடம் இல்லை' என்ற சின்ன எழுத்து வரியை அழுத்துங்கள். அடுத்த பக்கத்தில் 'மைக்ரோசொஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்' என்று இன்னொரு சின்ன எழுத்து வரி வரும், அதையும் அழுத்துங்கள். இரண்டையும் கண்ணுக்குப் படாத மாதிரித்தான் வைத்திருக்கிறார்கள். பிறகு பெயர், கடவுச்சொல், மூன்று பாதுகாப்புக் கேள்விகள். அவ்வளவுதான்.

பெயரை ஆங்கில எழுத்திலேயே கொடுங்கள். நான் ஆசைக்கு 'அப்பா' என்று தமிழில் கொடுத்தேன். சி டிரைவில் அவருடைய கோப்புறையும் அதே பெயரில் உருவாகிவிட்டது. பழைய பிரிண்டர் மென்பொருள் அந்தத் தமிழ் எழுத்தைக் கண்டு திறக்கவே மறுத்தது. கணக்கின் பெயரைப் பிறகு மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறாது. அழித்துவிட்டுத் திரும்பச் செய்தேன்.

இப்படிச் சேர்க்கும் கணக்குகள் 'ஸ்டாண்டர்ட்' வகையாக வரும். அப்படியே விடுங்கள். நிர்வாகி கணக்கு ஒன்று போதும், அது உங்களிடம் இருக்கட்டும். அப்போதுதான் கண்ட மென்பொருளை யாராவது நிறுவப் போனால் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும்.

படி 2: ஜிமெயில் தொடங்குதல்

இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை, கேட்பதை நிரப்பிக்கொண்டே போகலாம். போன் எண்ணில் +94 போட்டால் முன்னால் உள்ள 0 வேண்டாம். முகவரியில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஜிமெயிலுக்கு ஒன்றுதான், அதனால் புள்ளி எங்கே என்று மண்டையை உடைக்காதீர்கள்.

படி 3: மீட்பு எண்

கணக்கு உங்களுடையதுதானா என்று உறுதிப்படுத்த கூகிள் குறியீடு அனுப்பும் போன் எண்தான் மீட்பு எண். இங்கேதான் நான் விழுந்தேன். அம்மாவுக்கு ஏற்கனவே ஒரு மெயில் இருந்தது. ஏதோ விண்ணப்பம் அனுப்புவதற்காக டவுனில் ஒரு கொமியூனிகேசன் கடையில் திறந்தது. "கடைக்காரத் தம்பி எழுதித் தந்தவர், இஞ்ச கிடக்கு" என்று நாலாக மடித்த துண்டு ஒன்றைத் தந்தா. முகவரி, கடவுச்சொல் இரண்டும் சரி. ஆனால் புதுக் கொம்பியூட்டர் என்பதால் கூகிள் நம்பவில்லை. 47 என்று முடியும் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறதாம். எங்கள் வீட்டில் 47 இல் முடியும் எண்ணே இல்லை.

கடைக்குப் போனேன். கணக்குத் திறந்த பெடியன் கட்டாருக்குப் போய்விட்டான், அந்த சிம்மும் பாவனையில் இல்லை. கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய கடிதங்களும் ஸ்கான் செய்த பிறப்புச் சான்றிதழும் உள்ளேயே கிடக்கின்றன. கணக்கு மீட்புப் பக்கத்தில் ஒன்பது நாள் முயன்றும் ஒன்றும் நடக்கவில்லை.

ஆகவே கடையில் திறந்த மெயில் வைத்திருப்பவர்கள், இப்போது உள்ளே போக முடிகிறதென்றால் இன்றைக்கே இதைச் செய்யுங்கள். கூகிள் கணக்கு → பாதுகாப்பு. அங்கே மீட்பு எண் யாருடையது என்று பாருங்கள். உங்கள் அடையாள அட்டைக்கு எடுத்த சிம்மின் எண்ணை அங்கே போட்டு, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். மீட்பு மின்னஞ்சலாக வீட்டில் இன்னொருவருடையதைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு நான், எனக்குத் தங்கச்சி.

அப்புறம் இரண்டு படிச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் முறை) போட்டுவிடுங்கள். அதில் 'பேக்கப் கோட்' என்று பத்துக் குறியீடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு தடவைதான் செல்லும். போன் தொலைந்தாலும் சிக்னல் இல்லாவிட்டாலும் அவை கைகொடுக்கும். கொம்பியூட்டருக்குள் சேமிக்காதீர்கள், கொப்பியில் எழுதுங்கள். அம்மா அதைக் காணிப் பெர்மிட்டும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் பொலித்தீன் பைக்குள் வைத்திருக்கிறா. இடம்பெயர்ந்த இடமெல்லாம் எங்களோடு வந்த பை அது. அதைவிடப் பத்திரமான இடம் எங்கள் வீட்டில் இல்லை.

படி 4: மெயில் படிக்க எது நல்லது?

பிரவுசரே போதும் என்பார்கள். எங்கள் டொங்கிள் மழை இருட்டினாலே படுத்துவிடும், அதனால் நான் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளின் பக்கம். வந்த மெயில்களை இறக்கி வைத்துக்கொள்ளும், இணையம் இல்லாத நேரத்திலும் வாசிக்கலாம். பெயர், முகவரி கொடுத்தால் சேர்வர் விவரங்களைத் தானே கண்டுபிடிக்கும். பிறகு கூகிளின் உள்நுழைவுச் சாளரம் வரும். அது வெறுமையாக நின்றால் தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் குக்கீ அனுமதித்திருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒன்று: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கடிதத்தை அப்படியே மெயிலில் ஒட்டாதீர்கள். அந்தப் பக்கம் போய்ச் சேருவது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழையல்தான். கை பாமினிக்குப் பழகிவிட்டதென்றால் என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். பாமினி விசையமைப்பிலேயே யூனிகோட், அதாவது எந்தக் கொம்பியூட்டரிலும் தமிழாகவே தெரியும் எழுத்து, வரும்.

பிற்சேர்க்கை

முல்லைத்தீவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: எல்லாம் செய்தும், ஜிமெயில் திறந்தால் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வருகிறதாம். காலையில் மட்டும்தான் இந்தப் பிரச்சினையாம். கொம்பியூட்டரில் என்ன திகதி காட்டுகிறது என்று கேட்டேன். 2009 என்றார். இரவில் பிளக்கைக் கழற்றிவிடுகிறார், மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பற்றரி செத்துப்போய்விட்டது, அதனால் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. திகதி பிழைத்தால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைத்துவிடும். பழைய கொம்பியூட்டர் வாங்கிய எல்லோரும் இதைப் பாருங்கள். பெரும்பாலும் சி.ஆர். 2032 வகைப் பற்றரிதான், மணிக்கூடு திருத்தும் கடையில் கிடைக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பழையதைக் கழற்றும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.