ரெஃபரன்ஸுக்கு யார் பெயரைக் கொடுப்பது, எப்படிக் கேட்பது? டர்பனில் வேலை தேடுபவர்களுக்கு

இங்கே தென்னாப்பிரிக்காவில் வேலை விளம்பரங்களில் கடைசி வரியாக 'மூன்று கான்டாக்டபிள் ரெஃபரன்ஸ்' என்று இருக்கும். போன் போட்டால் எடுத்து உங்கள் வேலையைப் பற்றிப் பேசக்கூடிய மூன்று பேர் வேண்டும் என்று அர்த்தம். டர்பனில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். அந்த போனைப் போடுகிறவள் நான்தான். இன்டர்வியூவில் நன்றாகப் பேசிய பிள்ளைகள் இந்தக் கடைசிப் படியில் நழுவிப் போகும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

படி 1: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர் யார் என்று முதலில் யோசியுங்கள். ஒரு பெண் தன் பழைய கம்பெனி டைரக்டரின் பெயரைக் கொடுத்திருந்தாள். போன் செய்து அவள் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. "எந்தப் பிரிவில் இருந்தாங்க?" என்று என்னையே கேட்டார். பிறகு அவளிடம் வேறு எண் வாங்கி, டெஸ்பாட்ச் சூப்பர்வைசரைப் பிடித்தேன். "மாசக் கடைசியில் ஸ்டாக் எண்ணும் பொறுப்பை அவளிடம் கொடுத்தால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்" என்றார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

கடைசியாக வேலை பார்த்த இடத்து மேலாளர், அதற்கு முந்தைய இடத்தவர், பயிற்சி கொடுத்தவர் அல்லது மூத்த சக ஊழியர் என்ற வரிசையில் போங்கள். சொந்தக்காரர்கள் வேண்டாம். மாமா கடையில்தான் வேலை பார்த்தீர்களா? அந்தக் கடைக்குச் சரக்கு போட்ட சப்ளையரையோ கணக்குப் பார்த்தவரையோ கேளுங்கள்.

மெட்ரிக் (இங்கே 12ஆம் வகுப்பு) முடித்து முதல் வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கோயில் ஐயர் உங்களை 'நல்ல பிள்ளை' என்று சொல்வார். அது குணத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். காவடித் திருவிழாவில் அன்னதானப் பந்தியை நீங்கள் கவனித்துக்கொண்டிருந்தால், அதை உங்களிடம் ஒப்படைத்த கமிட்டிச் செயலாளரைக் கேளுங்கள். கூட்டம் நெருக்கும்போது நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்று அவரால் சொல்ல முடியும்.

படி 2: கேளுங்கள், மறுக்கவும் இடம் கொடுங்கள்

கேட்காமல் யார் பெயரையும் எழுதாதீர்கள். கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஆட்கள் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள். 'பார்க்கலாம்பா' என்றால் பெரும்பாலும் முடியாது என்றுதான் பொருள். அரை மனசோடு ஒத்துக்கொண்டவர் என்னிடம் பேசும்போது, "ம்… பரவாயில்லை, வந்துட்டுப் போவான்" என்பார். அது வேலையைக் கெடுத்துவிடும். சென்னையில் இருக்கும் பழைய மேலாளருக்கு இப்படி வாட்ஸ்அப் அனுப்பலாம்:

"வணக்கம் சார். 2019 முதல் 2022 வரை உங்கள் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தேன். டர்பனில் ஒரு வேர்ஹவுஸ் வேலைக்கு அப்ளை செய்கிறேன். என் வேலையைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொல்ல முடியுமா? வசதிப்படாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்கிறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அப்புறம், நேரத்தையும் சொல்லிவிடுங்கள். இந்தியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே மதியம் 2 மணி என்றால் அங்கே மாலை 5.30. நான் 4 மணிக்குக் கூப்பிட்டால் அவர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்.

படி 3: அவரைத் தயார்படுத்துங்கள்

ஒத்துக்கொண்டதும் உங்கள் சிவி, வேலை விளம்பரம் இரண்டையும் அனுப்புங்கள். கூடவே, அவருக்கு நினைவு வருகிற மாதிரி நீங்கள் செய்த ஒன்றிரண்டு வேலைகளை எழுதுங்கள். சேர்ந்த மாதம், விலகிய மாதம், பதவிப் பெயர் மூன்றையும் நான் முதலில் சரிபார்ப்பேன். சிவியில் ஒன்று, அவர் வாயில் ஒன்று என்று வந்தால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். பாவம், பல சமயம் அது வெறும் மறதிதான்.

படி 4: எண்ணுக்கு நீங்களே போன் போட்டுப் பாருங்கள்

2021 ஜூலைக் கலவரத்துக்கும் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கும் பிறகு டர்பனில் மூடிய கடைகளும் கிடங்குகளும் உண்டு. பழைய 031 லேண்ட்லைன் எண் அடித்துக்கொண்டே இருக்கும். அங்கே உங்களுக்கு மேலே இருந்தவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று விசாரித்து, அவருடைய இன்றைய எண்ணைக் கொடுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை பல தொழிற்சாலைகள் மூடியிருக்கும். அப்போது செல்பேசி எண்தான் கைகொடுக்கும்.

அரசு வேலைக்கான இசட்83 படிவத்திலும் ரெஃபரன்ஸ் கேட்பார்கள். அங்கே எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் யார் வேண்டுமானாலும் பார்க்கும் வேலைத் தளங்களில் ஏற்றும் சிவியில் வேண்டாம். அது இன்னொருவருடைய எண். தனிநபர் தகவலைக் காக்க இங்கே போப்பியா சட்டம் இருக்கிறது. பல கம்பெனிகள் ரெஃபரன்ஸைக் கூப்பிடும் முன் உங்களிடமே சம்மதக் கையெழுத்து வாங்குவதும் அதனால்தான்.

பழைய முதலாளியோடு மனஸ்தாபமா?

பயப்பட வேண்டாம். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், பிரிவு 42, வேலையை விட்டுப் போகிறவருக்குச் சேவைச் சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை, கடைசியாக வாங்கிய சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். விலகிய காரணத்தை நீங்கள் கேட்டால்தான் எழுத வேண்டும். கொடுக்க மறுத்தால் லேபர் அலுவலகத்தில் புகார் செய்யலாம். சான்றிதழின் நகலுக்குப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகச் சான்றொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றிப் பேச, அதே இடத்தில் உங்கள் வேலையைப் பார்த்த வேறு ஒருவரைக் கேளுங்கள்.

வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மூன்று பேருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பல சூப்பர்வைசர்கள் என்னிடமே, "அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு மேடம்?" என்று கேட்டிருக்கிறார்கள்.