வாசெக்டமி செய்த எலியின் சீரத்தில் விந்தணு எதிர்ப்பொருள் பார்ப்பது எப்படி?

கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி புதுச்சேரிக்குப் படிக்க வரும் தம்பி ஒருவர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, பாசிட்டிவ்!" என்றார். நுண்ணோக்கியில் பார்த்தேன், எதிர்ப்பொருள் ஒன்றோடொன்று ஒட்டவைத்தது போல விந்தணுக்கள் கட்டிக்கட்டியாகத்தான் இருந்தன. "கன்ட்ரோல் எங்கே?" என்றேன். ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரியைப் போடவே இல்லை. இந்தப் பதிவு அவருக்காக.

முதலில் கொஞ்சம் பின்னணி. வாசெக்டமியில் விந்துநாளத்தை வெட்டிக் கட்டினாலும் விந்தகம் வேலையை நிறுத்தாது. உருவாகும் விந்தணுக்கள், விந்தகத்தை ஒட்டிய சுருள்குழாயான எபிடிடிமிஸில் தேங்க, மேக்ரோஃபேஜ் செல்கள் அவற்றை விழுங்கும். வெட்டிய முனையில் கசிந்தால் கிரானுலோமா என்ற சிறு கட்டி வரும். விந்தணு பருவ வயதில்தான் முதன்முதலில் தோன்றுகிறது. எது தன்னுடையது என்று உடம்பு கற்று முடித்தது அதற்கு வெகுமுன்பே. அதனால்தான் சொந்த விந்தணுவுக்கே எதிர்ப்பொருள் தயாராகிறது. எல்லா எலியிலும் ஒரே அளவு வராது. லூயிஸ் இன எலிகளில் நன்றாக வரும், ஸ்ப்ரேக்-டாலி இனத்தில் குறைவு.

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எலியைத் தொடவே கூடாது. அறுவையும் பயிற்சி பெற்றவர் வேலை. நாம் சீரத்திலிருந்து, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரிலிருந்து தொடங்குவோம்.

மூன்று வகை சீரம் வேண்டும்: அறுவைக்கு முன் எடுத்தது, வாசெக்டமிக்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து எடுத்தது, வயிற்றைத் திறந்து விந்துநாளத்தை வெட்டாமலே தைத்த எலியின் சீரம். முதலாவதும் மூன்றாவதும்தான் கன்ட்ரோல். சிவந்துபோன சீரத்தைக் கொட்டிவிடுங்கள். மற்றதை 56 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் 30 நிமிடம் வையுங்கள். அதிலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் செயலிழக்க வேண்டும், இல்லையென்றால் விந்தணு ஒட்டுவதற்கு முன்பே அசைவற்றுப் போகலாம்.

அடுத்தது விந்தணு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அறுவை செய்யாத எலியின் எபிடிடிமிஸ் வால்பகுதியை, கொஞ்சம் ஆல்புமின் கலந்த 37 டிகிரி பாஸ்பேட் பஃபரில் போட்டு நாலைந்து வெட்டு வெட்டினால் போதும். சட்னி அரைக்க வேண்டாம்! பத்து நிமிடத்தில் விந்தணுக்கள் தாமாக நீந்தி வெளியே வரும். நசுக்கினால் திசுத் துணுக்குகள் கலந்து, பிறகு எது எதோடு ஒட்டியது என்றே தெரியாது. புதுச்சேரி வெயிலுக்குப் பயந்து நாம் ஏசியை 20-இல் வைத்திருப்போம். எலி விந்தணு குளிர் தாங்காது. ஸ்லைடு, பிப்பெட் முனை எல்லாவற்றையும் முன்பே வெதுவெதுப்பாக்கிக் கொள்ளுங்கள்.

சீரத்தை 1:4, 1:8, 1:16 என்று இரட்டிப்பாக நீர்த்து, ஒவ்வொன்றிலும் சம அளவு விந்தணுக் கரைசல் சேருங்கள். காயாமல் மூடி 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் இன்குபேட்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள்.

சரி, பார்க்கலாம். உயிருள்ள விந்தணுக்கள் தலையோடு தலையாகவோ வாலோடு வாலாகவோ ஒட்டிக்கொண்டு, கொத்தாகத் துடித்தால் கணக்கில் எடுங்கள். செத்தவை சேர்ந்த குப்பை, ஏதோ ஒரு செல்லைச் சுற்றி ஒட்டியவை இதில் சேராது. எலி விந்தணுவின் தலை தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். எதிர்ப்பொருள் இல்லாமலேயே கொஞ்சம் கோத்துக்கொள்ளும். ஆகவே கன்ட்ரோலை முதலில் பாருங்கள். குழாய்களுக்கு வேறொருவரை எண் போடச் சொன்னால் இன்னும் நல்லது, ஆசைப்படும் கண் கட்டிகளைக் கூடுதலாகப் பார்க்கும். ஒட்டல் தெரியும் கடைசி நீர்ப்பே டைட்டர்.

தம்பி மறுபடி செய்தார். அறுவைக்கு முந்தைய சீரத்திலும் 1:4-இல் கட்டி இருந்தது, 1:8-இல் இல்லை. அறுவைக்குப் பிந்தைய சீரம் 1:32 வரை ஒட்டியது. இப்போது பாசிட்டிவ் என்று எழுதலாம்.

ஆனால் அப்படியே மனிதனுக்குத் தாவிவிடாதீர்கள். 1978-இல் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்த குரங்குகளில், வாசெக்டமி செய்தவற்றுக்கு ரத்தக்குழாய்க் கொழுப்புப் படிவு அதிகம் என்று ஓர் ஆய்வு வந்து, இந்த எதிர்ப்பொருள்தான் காரணமோ என்று பெரிய பீதியைக் கிளப்பியது. பின்னால் ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் இதய நோய் கூடவில்லை. அந்த ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ரத்தத்திலும் இந்த எதிர்ப்பொருள் இருந்திருக்கும்.