ஈர்ப்புக்கு மாற்று விளக்கம்: பலரும் சறுக்கும் இடங்கள்

ஈர்ப்புக்குப் புது விளக்கம் தேடுபவர், மனதுக்குள் ஒரு படம் பளிச்சென்று விழுந்ததுமே வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவதுதான் முதல் தவறு. 18ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவின் இயற்பியலாளர் லெசாஜ் வரைந்த படத்தைப் பாருங்கள். ஈர்ப்பு என்பது இழுப்பே அல்ல, தள்ளல் என்றார் அவர். விண்வெளியெங்கும் நுண்துகள்கள் எல்லாத் திசைகளிலும் பாய்கின்றன. சூரியன் தன் பக்கமிருந்து வருவதில் கொஞ்சத்தை மறைத்துவிடுகிறது. மறுபக்கத் தள்ளல் கை ஓங்கி, பூமி சூரியனை நோக்கிச் சாய்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் விசை கால்பங்காகும் என்ற விதியும் இதிலிருந்து தானாகவே வந்துவிடும். அழகுதான்.

ஆனால் மழையில் ஓடிப் பாருங்கள், முன்பக்கம்தான் அதிகம் நனையும். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எதிரே வரும் துகள்கள் கூடுதலாக மோதி அதன் வேகத்தைக் குறைத்தே தீரும். குறையாமலிருக்க, துகள்களை ஒளியைவிடப் பல மடங்கு வேகமாகப் பறக்கவிட்டால்? மோதலில் பிறக்கும் வெப்பமே பூமியை ஆவியாக்கிவிடும். 1908இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்கரே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். சரி, வெப்பம் தராமல் பட்டுத் தெறிக்கட்டும் என்றால், தெறித்தவை போய் அந்த நிழலை நிரப்பிவிடும், ஈர்ப்பே மிஞ்சாது. இந்தப் பொறியிலிருந்து தப்பிய தள்ளல் கோட்பாடு எதையும் நான் பார்த்ததில்லை.

ஈர்ப்பை மின்விசையின் மறுவடிவம் என்பது அடுத்த தவறு. இரண்டு சூத்திரங்களும் ஒரே ஜாடைதான். ஆனால் மின்னூட்டத்தில் விலக்கலும் உண்டு, ஈர்ப்பில் அதைக் கண்டவரில்லை. 1971இல் நிலவில் ஒரே நேரத்தில் விடப்பட்ட சுத்தியலும் இறகும் சேர்ந்தே தரை தொட்டன; எந்தப் பொருள் என்பதை ஈர்ப்பு பார்ப்பதில்லை, மின்விசையோ மின்னூட்டத்தைப் பார்த்துத்தான் இழுக்கும்.

ஆப்பிள் விழுவதை விளக்கினால் போதும் என்பதும் தவறு. புதனின் நீள்வட்டப் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) கூடுதலாகத் திரும்புகிறது. நியூட்டன் விதிக்கு அகப்படாத அந்த எண்ணை ஐன்ஸ்டைன் 1915இல் தன் பொதுச் சார்பியல் கோட்பாட்டின் கணக்கிலேயே வரவழைத்தார். புது விளக்கத்தோடு வருபவரிடம் நான் முதலில் கேட்பது இந்த 43ஐத்தான்.

அதற்காக மாற்று என்றாலே உளறல் என்று ஒதுக்குவதும் சரியல்ல. 1983இல் இயற்பியலாளர் மில்க்ரோம் நியூட்டன் விதியில் முன்வைத்த மாற்றம், விண்மீன் மண்டலங்களின் சுழற்சியைக் கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாததாகக் கருதப்படும் பொருள்) இல்லாமலே வியக்கும்படி விளக்குகிறது. பல விண்மீன் மண்டலங்கள் சேர்ந்த கொத்துகளில்தான் அதற்குக் கணக்கு இடிக்கிறது.