ஸ்டியரிங் கோண சென்சாரைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாபநாசத்திலிருந்து காரையாறு செல்லும் மலைப்பாதையில், ஒவ்வொரு வளைவிலும் ஈ.எஸ்.பி. (வண்டி வழுக்காமல் தானே பிரேக் பிடித்துக் காக்கும் அமைப்பு) விளக்கு எரிவதாகவும், பிரேக்கை மிதிக்காமலேயே ஒரு சக்கரம் லேசாகப் பிடிப்பதாகவும் சொல்லி ஒருவர் தம் காரைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே வேறொரு பட்டறையில் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, ஸ்டியரிங் கோண சென்சார் என்ற பெயர் திரையில் வந்ததும் புதிய சென்சாரை வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். மூன்றாம் நாளே விளக்கு திரும்ப எரிந்திருக்கிறது. வண்டியை நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்த்தபோது ஸ்டியரிங் வீல் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்தே நின்றது. ஸ்கேனரில் கோணம் 9 டிகிரி என்று ஓடிக்கொண்டிருந்தது. சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் முன்சக்கரங்கள் நேராக நிற்கும் அலைன்மென்ட் கலைந்திருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதற்கு, அமைப்பு வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்ப நினைக்கிறார் என்பதைக் கோண சென்சார் சொல்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை யா ரேட் சென்சாரும் நான்கு சக்கரங்களின் வேக சென்சார்களும் சொல்கின்றன. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் வண்டி வழுக்குவதாக எண்ணி ஈ.எஸ்.பி. பிரேக்கைப் பிடிக்கும், முரண்பாடு நீடித்தால் விளக்கைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே திரையில் வரும் குறிப்பு ஒரு முரண்பாட்டின் அறிவிப்பே. முன்சக்கரம் ஒன்றில் காற்று குறைந்திருந்தாலும், இடமும் வலமும் வெவ்வேறு அளவு டயர் போட்டிருந்தாலும் கணக்கு பிசகலாம்.

ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறிப்பின் (எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீட்டின்) முதல் எழுத்தைக் கவனிக்காமல் விடுவது அடுத்த தவறு. சி0051 என்பது கோண சென்சாரின் மின்சுற்றில் உள்ள கோளாறைக் குறிக்கிறது. யு0126 என்பது அந்த சென்சாருடன் தகவல் தொடர்பு அற்றுப்போனதைக் குறிக்கிறது. பின்னது வந்தால் சென்சாரை விட மின் இணைப்பு, ஃபியூஸ், கனெக்டர் ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் தண்ணீரில் நின்ற வண்டிகளில், கார்ப்பெட்டுக்கு அடியிலுள்ள கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது என்பது என் கருத்து. கைப்பேசியோடு இணைக்கும் விலை குறைந்த ரீடர்களில் பல எஞ்சின் குறிப்புகளை மட்டுமே படிக்கும். அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வண்டியில் ஒன்றுமில்லை என்றாகிவிடாது.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது பூஜ்யம் வைக்கும், அதாவது நேர்நிலையை 0 டிகிரி என்று பதிவுசெய்யும் வேலையில் நடக்கும் அவசரம். சென்சாரை மாற்றினாலோ, அலைன்மென்ட் செய்தாலோ, ஸ்டியரிங் வீலைக் கழற்றி மாட்டினாலோ, நேர்நிலை எது என்பதைப் பெரும்பாலான வண்டிகளுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். சில வண்டிகள் ஸ்டியரிங்கை இரு கோடிகளுக்கும் திருப்பினாலே கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனர் கட்டாயம் என்பதால் அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டையே பின்பற்ற வேண்டும். டயர் காற்று முதலில், அலைன்மென்ட் அடுத்து, பூஜ்யம் கடைசியில் என்ற வரிசை மாறினால் செய்த வேலை முழுவதும் வீண். மேலே சொன்ன வண்டியில் நடந்தது அதுதான்: பட்டறைக்குள் வீலைக் கண்ணளவில் நேராகப் பிடித்துப் பூஜ்யம் வைத்துவிட்டார்கள், சாலையில் நேராக ஓடும்போதோ வீல் 9 டிகிரி சாய்ந்தது.

நம் பக்கத்தில் சென்சாரைத் தவறாகச் சந்தேகிக்க வீசும் காற்றும் ஒரு காரணம். ஆடி மாதத்தில் வள்ளியூர் தாண்டிப் பணகுடி, காவல்கிணறு நோக்கி நான்கு வழிச்சாலையில் போனால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று வண்டியை இடப்பக்கம் தள்ளும். ஓட்டுநர் தம்மையறியாமல் ஸ்டியரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடித்தபடியே ஓட்டுவார். அந்த நிலையில் ஸ்கேனரில் தெரியும் கோணத்தை வைத்துத் தீர்ப்பு சொன்னால் நல்ல சென்சாரும் கெட்டதாகத் தோன்றும். அதே சாலையில் திரும்பி வரும்போதும் எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட வேண்டும், அல்லது காற்றில்லாத விடியற்காலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பேட்டரியை மறந்துவிடுவதும் வழக்கம். எஞ்சினை நிறுத்திவிட்டு இக்னிஷனை மட்டும் போட்டு அரைமணி நேரம் ஸ்கேனரோடு உட்கார்ந்தால், தளர்ந்த பேட்டரியில் மின்னழுத்தம் இறங்கி, இல்லாத கோளாறுகளெல்லாம் வரிசையாக வரும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டியது கணிசமாகக் குறைந்திருந்தால் முதலில் சார்ஜரைப் போட வேண்டும். மல்டிமீட்டரை வைத்து சென்சாரின் மின்தடையை அளப்பதிலும் பயனில்லை. அதற்குள் தனிச் சிப் இருக்கிறது, கோணத்தைத் தரவாக அனுப்புகிறது. மீட்டரால் பார்க்கத்தக்கவை அதற்கு வரும் மின்சாரம், எர்த், பேட்டரியைக் கழற்றிய பின் தகவல் கொண்டுசெல்லும் இரு கேன் கம்பிகளுக்கிடையே இருக்க வேண்டிய ஏறத்தாழ 60 ஓம் ஆகியவையே.

பல கார்களில் இந்த சென்சார் ஏர்பேக்கின் கிளாக் ஸ்பிரிங்கோடு (சுழலும் வீலுக்கு மின் இணைப்பு தரும் சுருள் பட்டை) ஒன்றாகவோ அதன் அருகிலோ இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்காமல் அங்கே கைவைப்பது ஆபத்து. வீலைக் கழற்றிய பின் கிளாக் ஸ்பிரிங்கைத் தெரியாமல் சுற்றிவிட்டு மாட்டினால், முழுவதும் திருப்பும் ஒரு நாளில் உள்ளே இருக்கும் பட்டை அறுந்து, ஹாரனும் ஏர்பேக் விளக்கும் சேர்ந்து தொல்லை தரும்.

சென்சார்தான் கெட்டது என்று சொல்ல, ஸ்கேனரில் கோணத்தை ஓடவிட்டு ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். சாதாரணக் கார்களில் நடுவிலிருந்து ஒரு பக்கம் 450 முதல் 540 டிகிரி வரை எண் சீராக ஏறும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் எண் சட்டென்று தாவினாலோ உறைந்து நின்றாலோ, வயரும் கனெக்டரும் சரியாக இருக்கும் பட்சத்தில், புதிய சென்சாருக்குத் தயங்காமல் ஆர்டர் கொடுக்கலாம்.