ரீஃப் தொட்டியில் கிளாம் சிப்பி: வாங்கும் நாளிலேயே தொடங்கும் தவறுகள்

ரீஃப் தொட்டிக்கு, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு, கிளாம் சிப்பி வாங்குபவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நீல விளக்குக்குக் கீழே பத்துச் சிப்பிகள் விரிந்து கிடந்தால், மின்னும் நீலமும் பச்சையுமாக இருப்பதன் மேல்தான் கண் போகும். அது அநேகமாக மேக்சிமாவாகவோ க்ரோசியாவாகவோ இருக்கும். வீட்டுத் தொட்டியில் நிலைக்க வைக்கக் கடினமான இரண்டு வகைகள் அவைதான். பக்கத்தில் பழுப்பும் மஞ்சளுமாகச் சும்மா கிடக்கும் டெராசாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் சிப்பியாக அதை வாங்கியிருந்தால் பலருக்கு மனம் உடைந்திருக்காது.

நாம் வளர்ப்பவை டிரைடாக்னா இனத்து ராட்சதச் சிப்பிகள். இந்தியப் பெருங்கடல், பசிபிக் பெருங்கடல் பவளத்திட்டுகளில், வெயில் நன்றாக இறங்கும் ஆழம் குறைந்த நீரில் வாழ்பவை. ஆனால் ஒவ்வொன்றும் இருக்கும் விதம் வேறு. க்ரோசியா பவளப் பாறையைக் குடைந்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும். 15 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. மேக்சிமா பாறையைப் பற்றிக்கொண்டு, சில சமயம் பாதி புதைந்து இருக்கும். சுமார் 30 சென்டிமீட்டர் வரை வளரும். ஸ்குவாமோசாவின் ஓட்டில் அடுக்கடுக்காகச் செதில் போன்ற மடிப்புகள் இருக்கும். 40 சென்டிமீட்டர் வரை போகும். டெராசா 50, 60 சென்டிமீட்டரைத் தொடக்கூடியது, வளர்வதும் வேகமாக. ஜைகாஸ் ஒரு மீட்டரைத் தாண்டி 200 கிலோவுக்கு மேல் எடை போடும் என்பதால் அது எந்த வீட்டுத் தொட்டிக்கும் உரியதல்ல. குட்டியாக இருக்கும்போது எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதனால்தான் வகையைக் கேட்காமல் வாங்குவது ஆபத்து. சின்னத் தொட்டியில் டெராசாவை வைத்தால், இரண்டு மூன்று வருடத்தில் அதற்கு இடம் தேட வேண்டியிருக்கும்.

இவை எல்லாமே சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. எல்லை தாண்டி வரும் சிப்பிக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். பண்ணையில் வளர்த்ததா, கடலில் எடுத்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். பலாவ் போன்ற பசிபிக் தீவுகளில் இவற்றை முட்டையிலிருந்தே வளர்க்கிறார்கள். பண்ணைச் சிப்பியை வாங்கினால் பவளத்திட்டில் ஒன்று குறையாது.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

கையை விளக்குக்கும் சிப்பிக்கும் நடுவே மெதுவாகக் கொண்டு போங்கள். சிப்பியின் மேலங்கியில், அதாவது ஓட்டுக்கு வெளியே விரிந்து நிற்கும் அந்த நிறமுள்ள சதையில், நூற்றுக்கணக்கான மிகச் சிறிய கண்கள் இருக்கின்றன. உருவம் தெரியாவிட்டாலும் நிழல் விழுந்தால் அவற்றுக்குத் தெரியும். நலமான சிப்பி சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். நாளெல்லாம் ஆட்கள் நடமாடும் கடையில் சில சிப்பிகள் நிழலுக்குப் பழகிப்போயிருக்கலாம். அப்போது கடைக்காரரிடம் சிப்பியை மெல்லத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொட்டும் அசையாத சிப்பியை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து நீர் உள்ளே போகும் பிளவைப் பாருங்கள். அது ஒடுங்கி இருக்க வேண்டும். சதை தளர்ந்து, பிளவு அகலத் திறந்து, உள்ளே இருக்கும் செவுள் தெளிவாகத் தெரிந்தால் சிப்பி தளர்ந்திருக்கிறது என்று பொருள். மேலங்கியின் நடுப்பகுதி வெளுத்திருந்தால் உள்ளிருக்கும் பாசியை இழந்துகொண்டிருக்கிறது. ஓட்டின் மேல் விளிம்பில் புதிதாக வளர்ந்த வெள்ளைக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் சமீபத்தில்கூட வளர்ந்திருக்கிறது.

இத்தனையும் பார்ப்பவர்கள்கூட ஓட்டின் அடியைப் பார்ப்பதில்லை. ஒட்டும் வகைச் சிப்பிகளின் அடியில் ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியே கால் வெளியே வந்து பைசஸ் நூல்களைச் சுரந்து பாறையைப் பற்றிக்கொள்ளும். அந்த நூல்களைச் சுரக்கும் உறுப்பு உடலோடு ஒட்டியது. பற்றிக்கொண்டிருக்கும் சிப்பியைப் பிடித்து இழுத்தால் நூல் மட்டும் அறுவதில்லை, சதையும் பிய்ந்து வரும். பிய்ந்த சிப்பி இரண்டு மூன்று வாரம்கூட விரிந்து அழகாக நிற்கும். அதற்குப் பிறகுதான் சரியும்.

என் முதல் மேக்சிமா அப்படித்தான் போனது. கடைக்காரர் என் கண் முன்னாலேயே அதைப் பாறையிலிருந்து திருகி எடுத்தார். எனக்கு அப்போது அது தவறென்று தெரியாது. பதினாறு நாள் இருந்தது. நீரின் அளவுகளையும் விளக்கையும் நான் மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருந்தேன், ஆனால் காயம் அடியில் இருந்தது. இப்போதெல்லாம் ஒட்டிய சிப்பி என்றால் பாறைத்துண்டோடு சேர்த்துத் தரச் சொல்வேன். முடியாதென்றால், கூர்மையான பிளேடைப் பாறையை ஒட்டி வைத்து நூல்களை மட்டும் அறுக்க வேண்டும். சிப்பி புது நூலைச் சுரந்துகொள்ளும், ஆனால் கிழிந்த சுரப்பி பெரும்பாலும் தேறுவதில்லை.

அளவையும் கொஞ்சம் யோசியுங்கள். 5 சென்டிமீட்டருக்குக் குறைந்த குட்டிகள் சின்னத் தடுமாற்றத்தையும் தாங்காது. புதியவர்களுக்கு 8 முதல் 12 சென்டிமீட்டர் வரையிலான சிப்பி நல்ல தொடக்கம்.

வெளிச்சம்தான் சோறு

சிப்பி நீரை வடிகட்டி மிதவை உயிர்களைத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் அதன் வயிற்றுக்குப் பெரும்பங்கு அளிப்பவை மேலங்கிக்குள் குடியிருக்கும் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள். பவளத்தில் இவை உயிரணுக்களுக்குள் இருக்கும். கிளாம் சிப்பியிலோ வயிற்றிலிருந்து கிளைத்து மேலங்கி முழுவதும் பரவும் நுண்குழாய்களுக்குள் வாழ்கின்றன. ஒளியில் அவை தயாரிக்கும் சர்க்கரையைச் சிப்பி எடுத்துக்கொள்கிறது. நம்மை மயக்கும் அந்த நீலமும் பச்சையும்கூட இதே ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். மேலங்கியில் உள்ள தனி உயிரணுக்கள் ஒளியைச் சிதறடித்து, பாசிக்குத் தேவையானதைக் கீழே அனுப்பி, மிச்சத்தைத் திருப்பிவிடுகின்றன. நிறத்துக்காகச் சிப்பி வாங்கிவிட்டு வெளிச்சத்தில் சிக்கனம் பார்ப்பது எவ்வளவு முரண் என்று இதிலிருந்தே தெரியும்.

எத்தனை வாட் விளக்கு என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பாசிக்குப் பயன்படும் ஒளியின் அளவைப் பார் (PAR) என்பார்கள்; சிப்பி இருக்கும் இடத்தில் பார் மீட்டரை வைத்து அதை அளந்துதான் சொல்ல வேண்டும். கருவி இல்லாவிட்டால் ஒருநாளைக்கு நண்பர்களிடம் இரவல் வாங்கியாவது அளந்துவிடுங்கள். டெராசா, ஸ்குவாமோசா 150 முதல் 200 பார் கிடைத்தால் சமாளித்துக்கொள்ளும். மேக்சிமாவுக்கும் க்ரோசியாவுக்கும் 250க்கு மேல், முடிந்தால் 300, 350 வேண்டும்.

அதற்காக வந்த அன்றே விளக்குக்கு நேர் கீழே உச்சிப் பாறையில் வைத்துவிடக் கூடாது. பல நாள் இருட்டுப் பெட்டியில் பயணித்து, மங்கலான கடைத் தொட்டியில் நின்று வந்த உயிர் அது. கீழே வைத்து, விளக்கின் வீச்சை இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். விளக்கைக் கூட்டுவது நல்லது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: சிப்பியை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் அது பற்றிக்கொள்ளவே முடியாது. தினமும் நகர்த்துவது, விழுந்தால் நிமிர்த்துவது, திரும்பவும் நகர்த்துவது என்று போனால், நூல் சுரந்து சுரந்தே அதன் சக்தி தீர்ந்துவிடும்.

எங்கே உட்கார வைப்பது என்பது வகையைப் பொறுத்தது. க்ரோசியாவையும் மேக்சிமாவையும் பாறையில், ஒரு சின்னக் குழி பார்த்து. டெராசாவையும் ஸ்குவாமோசாவையும் மணலில் வைக்கலாம். ஆனால் மணலுக்கு அடியில் ஒரு தட்டையான கல்லைப் புதைத்து அதன் மேல் வையுங்கள். பற்றிக்கொள்ளவும் பிடி கிடைக்கும், அடித்திறப்பு வழியே புழுக்கள் கடிக்காமலும் காக்கும். எங்கே வைத்தாலும் மேலங்கி மேலே பார்த்திருக்க வேண்டும். பம்பின் நீர்வீச்சு நேராக முகத்தில் அடித்தால் சதையை மடக்கிக்கொண்டே இருக்கும்; சுற்றி வரும் மிதமான ஓட்டம் போதும்.

உணவைப் பற்றி இரண்டு தவறுகள் எதிரெதிராக நடக்கின்றன. ஒன்று, பட்டினி கிடக்குமோ என்று பயந்து தினமும் பாட்டில் பாட்டிலாக பைட்டோபிளாங்டன் என்னும் மிதவை நுண்பாசியை ஊற்றுவது. சின்னச் சிப்பிகளின் உணவில் வடிகட்டிக் கிடைப்பதன் பங்கு கூடுதலாக இருப்பது உண்மை, கொஞ்சம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் போதாத வெளிச்சத்தை எந்தப் பாட்டிலாலும் ஈடுகட்ட முடியாது, மிஞ்சியது அழுகி நீரைத்தான் கெடுக்கும். இன்னொன்று, நீரைத் துடைத்து வைத்தாற்போல் நைட்ரேட் பூஜ்யத்தில் வைத்திருப்பது. சிப்பி அமோனியாவையும் நைட்ரேட்டையும் நீரிலிருந்தே உறிஞ்சிப் பாசிக்குக் கொடுக்கிறது. ஒன்றுமே இல்லாத நீரில் பாசி மெலியும், சிப்பி வெளுக்கும். நைட்ரேட் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) சுற்றி இருப்பதைப் பார்த்து நான் கவலைப்படுவதே இல்லை. தொட்டியில் நல்ல மீன்கள் சில இருந்தால் சிப்பிக்கு உரம் தானாகவே கிடைத்துவிடும்.

மற்ற அளவுகள் பவளத்துக்கு வைப்பதேதான்: வெப்பம் 25 முதல் 27 டிகிரி, உப்படர்த்தி 1.025 சுற்றி, கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், காரத்தன்மை 8 முதல் 11 டி.கே.எச்., மக்னீசியம் 1300 அளவில். சிப்பி ஓடு கட்டக் கட்ட கால்சியமும் காரத்தன்மையும் இறங்கும் வேகம் கூடும். போன வருடம் போட்ட அளவையே போட்டுக்கொண்டிருக்காமல் வாரம் ஒருமுறை சோதியுங்கள். ஆறு மாதமாவது ஓடிய தொட்டிக்குள்தான் சிப்பியை விட வேண்டும். ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. மீன் மருந்தில் செம்பு இருந்தால் அது தொட்டிப் பக்கமே வரக் கூடாது, சிப்பிக்கு அது நஞ்சு.

கடிப்பவை, ஒட்டுபவை

ஏஞ்சல் மீன்களும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் மேலங்கியைக் கொத்தும். எங்கள் ஏஞ்சல் சாது என்று சொல்பவர்கள் உண்டு. பவளத்தைத் தொடாத மீன்கூட சிப்பியை ஒருநாள் ருசி பார்த்துவிட்டால் பிறகு விடாது. பக்கத்தில் கொட்டும் தன்மையுள்ள அனிமோனோ நீளக் கைகள் வீசும் பவளமோ இருந்தாலும் சிப்பி அந்தப் பக்கத்தை மடக்கியே வைத்திருக்கும். அதைப் பார்த்து நோய் என்று மருந்து தேடாமல் முதலில் அக்கம்பக்கத்தைப் பாருங்கள்.

உண்மையில் அஞ்ச வேண்டியது பைராமிடெல்லிட் நத்தைகளுக்கு. அரிசிமணி அளவில் வெள்ளையாக இருக்கும். பகலில் ஓட்டின் அடியிலும் மடிப்புகளிலும் ஒளிந்துகொண்டு, இரவில் விளிம்புக்கு ஏறி வந்து சதைச் சாற்றை உறிஞ்சும். புதுச் சிப்பி வந்ததும் பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்து, வாளியில் எடுத்த தொட்டி நீரில் வைத்து ஓட்டை முழுக்கத் தேயுங்கள். ஒளி ஊடுருவும் பசைபோல் ஒட்டியிருக்கும் முட்டைகளையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். மேலங்கியிலும் அடித்திறப்பிலும் தேய்ப்பது படக் கூடாது. ஒரு தடவையோடு தீராது; சில வாரங்களுக்கு விளக்கணைந்த பிறகு டார்ச்சோடு போய்ப் பாருங்கள்.

மேலங்கியின் ஓரம் கிள்ளிச் சுருட்டியதுபோல் உள்மடங்கி, நாட்போக்கில் கூடிக்கொண்டே போனால் அது ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். இதற்கு நன்னீர்க் குளியல் கொடுப்பது வழக்கம். தொட்டியின் வெப்பத்துக்கும் பிஎச் அளவுக்கும் சரியாகப் பொருத்திய ஆர்.ஓ. நீரில் 20 முதல் 30 நிமிடம். தொடக்கத்திலேயே செய்தால் பலன் இருக்கும். நலிந்த சிப்பிக்கு அந்தக் குளியலே பெரும் பாரம். அதனால் கொத்தும் மீன், நேர்வீச்சு நீரோட்டம், நத்தை எதுவும் காரணமில்லை என்று உறுதியான பிறகே செய்யுங்கள்.

ஒருநாள் தொட்டி திடீரென்று பால்போல் கலங்கினால் பதறாதீர்கள். பெரிய சிப்பி இனப்பெருக்கத்துக்கு விந்தையோ முட்டையையோ வெளிவிட்டிருக்கலாம். இவை முதலில் ஆணாக முதிர்ந்து, பிறகு இரண்டு பாலும் ஆகிறவை. ஆபத்து அந்தக் கலங்கலில் ஆக்சிஜன் குறைவதுதான். காற்றுப் பம்பைப் போட்டு, கார்பன் வைத்து, நிறைய நீர் மாற்றினால் மீன்கள் தப்பிக்கும். பாறையைப் பற்றாமல் தனியாக இருக்கும் சிப்பியென்றால் வேறு வாளிக்கு மாற்றி அங்கே முடிக்க விடலாம்.

தொட்டாலும் மூடாமல் வாய் பிளந்து கிடக்கும் சிப்பியை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். இறந்த சிப்பி சில மணி நேரத்திலேயே நீரைக் கெடுக்கத் தொடங்கிவிடும். எடுத்த பிறகு ஓட்டைக் கழுவி, வாங்கிய நாளில் எடுத்த படத்தோடு வைத்துப் பாருங்கள். விளிம்பில் புது வெள்ளை வளர்ச்சி ஒன்றுமே இல்லையென்றால் அது வந்த நாளிலிருந்து வளரவே இல்லை. வெளிச்சத்தையோ அடித்திறப்புக் காயத்தையோ சந்தேகிக்கலாம். அகலமாக வளர்ந்து பிறகு நின்றிருந்தால், நின்ற சமயத்தில் தொட்டியில் எதை மாற்றினீர்கள் என்று குறிப்பேட்டைப் புரட்டுங்கள்.