அடிக்கடி லீவு போடுற பசங்கள மறுபடி கிளாஸுக்கு வர வைக்கிறது எப்படி

மாசத்துக்கு ரெண்டு நாள் தானே வரலன்னு நாம விட்டுருவோம், ஆனா வருஷத்துக்கு 180 நாள் ஸ்கூல்னா அதுல 18 நாள் போச்சுன்னாலே 10 சதவீதம், பல இடங்கள்ல அந்தக் கோட்டத் தாண்டினாலே இது பிரச்சனைன்னு எடுத்துக்குறாங்க. உடம்பு சரியில்லாம போட்ட லீவையும் சேர்த்து தான் எண்ணணும். லெட்டர் குடுத்துட்டு வரலன்னாலும் பாடம் போனது போனது தான்.

முதல் வேலை திட்டுறது இல்ல, ரெஜிஸ்டர எடுத்து உக்காருறது. கடைசி ரெண்டு மாசத்துல அந்தப் பையனோ பொண்ணோ வராத தேதிய எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி பக்கத்துல என்ன கிழமை, அன்னிக்கு என்னென்ன பீரியட், டெஸ்ட் இருந்துச்சான்னு எழுதுங்க. பாதி விஷயம் அங்கயே தெரிஞ்சிடும். என் கிளாஸ்ல ஒரு பொண்ணு எப்பவும் வயித்து வலின்னு லீவு போடுவா, எழுதிப் பாத்தா எல்லாமே புதன்கிழமை, அன்னிக்கு தான் ஒவ்வொருத்தரா எழுப்பி சத்தமா வாசிக்க சொல்ற பீரியட், அவளுக்கு லேசா திக்கும். பக்கத்துல இருக்குற பொண்ணோட சேர்ந்து ரெண்டு பேரா வாசிக்கலாம்னு மாத்தினோம், வயித்து வலி குறைஞ்சுது. வலி பொய்யெல்லாம் இல்ல, பயத்துல நெஜமாவே வயிறு வலிக்கும்.

அடுத்து பேசுறது. "ஏன்டா வரல"ன்னு கேட்டா "காய்ச்சல் சார்" தான் வரும், வேற என்ன சொல்லுவான். அதுக்கு பதிலா காலைல கண் முழிச்சதுலேந்து ஸ்கூல் கேட் வரைக்கும் என்னென்ன நடந்துச்சு, எந்த இடத்துல வேணாம்னு தோணுச்சுன்னு கேளுங்க, தனியா கேளுங்க, ஸ்டாஃப் ரூம்ல நாலு பேர் முன்னாடி வேணாம். ஒருத்தன் லேட்டா எழுந்திருப்பான், லேட்டா போனா எல்லாரும் திரும்பி பாப்பாங்கன்னு அந்த நாள் முழுக்கவே மட்டம் போட்டிருப்பான் (பத்து நிமிஷ லேட்டுக்கு கிளாஸுக்கு வெளிய நிக்க வைக்கிற பழக்கம் இருந்தா அதக் கொஞ்சம் யோசிங்க). இன்னொருத்தர் தம்பி தங்கச்சிய பாத்துக்க வீட்ல இருந்திருக்கலாம், மாதவிடாய் நாள்ல ஸ்கூல் டாய்லெட்ட நினைச்சே சில பொண்ணுங்க வர மாட்டாங்க, அது பசங்கள திருத்துற விஷயமே இல்ல, டாய்லெட்ட சரி பண்ற விஷயம்.

ஸ்கூலுக்கு போகவே மறுக்குற பசங்கள ஆராய்ச்சி பண்ண கிறிஸ்டோபர் கியர்னிங்கிற உளவியலாளர் காரணத்த 4 வகையா பிரிக்கிறார். ஸ்கூல்ல மனசுக்கு ஒத்துக்காத எதையோ தவிர்க்கிறது, பத்து பேர் முன்னாடியோ பரீட்சையிலயோ மாட்டிக்காம தப்பிக்கிறது, வீட்ல பெரியவங்க கவனம் தன் மேல இருக்கணும்னு நினைக்கிறது, வெளிய இருக்குற ஜாலி. இதப் பிரிச்சு தெரிஞ்சுக்கறது ஏன் முக்கியம்னா மருந்து வேற வேற. பயந்து வராதவன மிரட்டினா இன்னும் வர மாட்டான். ஜாலிக்கு வராதவனுக்கு வீட்ல கொஞ்சம் கறார் வேணும், ஸ்கூல் நேரத்துல ஃபோன், கேம் எதுவும் கிடையாதுன்னு.

எல்லாத்தையும் விட நாம கோட்டை விடுறது திரும்பி வர்ற நாள்ல. ஒரு வாரம் கழிச்சு தைரியத்த வரவழைச்சுட்டு உள்ள வருவான், "வாங்க மகாராஜா, இப்ப தான் வழி தெரிஞ்சுதா"ன்னு நாம ஒரு வார்த்தை விடுவோம், கிளாஸே சிரிக்கும், மறுநாள் அந்த பெஞ்ச் காலி. "வந்துட்டியா, நல்லது, உக்காரு" போதும். விட்டுப்போன நோட்ஸ் மொத்தத்தையும் காப்பி பண்ண சொல்லாதீங்க, இன்னிக்கு பாடம் புரிய எது தேவையோ அத மட்டும் ஒரு பக்கமா குடுங்க, மிச்சத்த ஒரு ஃப்ரெண்டு கிட்ட வாரக்கணக்குல வாங்கிக்கட்டும். பல வாரமா வராதவங்களுக்கு முதல்ல பிடிச்ச ரெண்டு பீரியட், அப்புறம் அரை நாள்னு ஏத்தலாம், ஆனா முழு நாள் எப்பன்னு தேதி முன்னாடியே பேசி வச்சுக்கணும், இல்லன்னா அரை நாளே நிரந்தரமாயிடும்.

வீட்டுக்கு சொல்றப்ப புகார் வேணாம், எண்ணிக்கைய சொல்லுங்க. பெத்தவங்க நிறைய பேர் தன் பிள்ளை போட்ட லீவ கம்மியா தான் கணக்கு வச்சிருப்பாங்க. ஃபிலடெல்ஃபியாவுல இத்தன நாள் வரலன்னு வீட்டுக்கு லெட்டர் மட்டும் அனுப்பிப் பாத்தாங்க, ரொம்ப லீவு போடுற பசங்களோட எண்ணிக்கை 10 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது. "இந்த டேர்ம்ல இதுவரைக்கும் 14 நாள் வரல, நாளைக்கு பாக்கலாம்"னு ஒரு மெசேஜ் போதும்.

ஃபுல் அட்டெண்டன்ஸுக்கு சர்டிஃபிகேட் குடுக்குறத நான் நிறுத்திட்டேன். கலிஃபோர்னியால 6லேந்து 12ஆம் வகுப்பு வரைக்கும் படிக்கிற பசங்கள வச்சு பண்ண ஒரு ஆய்வுல, முன்னறிவிப்பு இல்லாம அவார்டு வாங்கினவங்க அதுக்கப்புறம் கூடுதலா லீவு போட்டாங்க. அதுவுமில்லாம தொடர்ந்து லீவு போடுறவனுக்கு அந்த சர்டிஃபிகேட் எப்படியும் கிடைக்கப் போறதில்ல, அவனோட போன மாசத்தோட அவன ஒப்பிட்டு 5 நாள் 3 ஆச்சுன்னா அத அவன்கிட்ட சொல்லுங்க.

தூக்கம் தனிக் கதை. 13லேந்து 18 வயசுக்கு 8லேந்து 10 மணி நேரம் வேணும், ஆனா அந்த வயசுல உடம்போட கடிகாரமே ராத்திரி தள்ளிப் போயிடுது, சோம்பேறின்னு சொல்லிட முடியாது. சீக்கிரம் படுன்னு சண்டை போடுறத விட எழுந்திரிக்கிற நேரத்த ஒண்ணா வச்சுக்கறது சுலபம், ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் தூங்கினா திங்கள்கிழமை காலி தான். ஃபோன் வேற ரூம்ல சார்ஜ் ஆகட்டும்.

இவ்ளோ பண்ணியும் காலைல நடுக்கம், வாந்தி, அழுகைன்னு வாரக்கணக்குல போச்சுன்னா கவுன்சிலர் கிட்டயோ டாக்டர் கிட்டயோ கூட்டிட்டு போங்க, அது ஒரு டீச்சர் தனியா தூக்குற பாரம் இல்ல.